தாத்தா நிலம் இன்னொருவர் பெயரில்: பினாங்கில் பூர்வீக நிலத்தை மீட்கப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில், ஃபெர்ரிக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தென்னந்தோப்பு வாங்கினார். 1979இல் இறந்துபோனார். பெயர் மாற்ற யாரும் போகவில்லை. பெரியப்பா வருஷா வருஷம் நிலவரி கட்டினார். அவர் போனபின் அதுவும் நின்றது. ஒரு பொங்கலுக்கு அத்தை இளநீர் பறிக்க ஆள் அனுப்பினார். போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்து, "அங்க வேலி போட்டிருக்காங்க அத்தை, நாயும் கட்டியிருக்காங்க" என்றான்.

அங்கிருந்து தொடங்கி முடிவதற்குள் ஏழு வருஷம் ஓடிவிட்டது. அதில் பாதி நாங்கள் தெரியாமல் தவறான வாசலில் நின்ற காலம். அதே வாசல்களில் நீங்களும் நிற்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. கவுண்டரில் வரிசையில் நின்றவன்.

முதலில் ஒரு கேள்வி: அது எந்த மாதிரி நிலம்?

"எங்க தாத்தா காலத்துல இருந்து அங்கதான் இருக்கோம்" என்பது நம் ஆட்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம். சட்டத்தில் அதற்கு மூன்று வெவ்வேறு அர்த்தம் உண்டு. உங்களுடையது எது என்று தெரியாமல் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடச் செலவழிக்காதீர்கள்.

ஒன்று, தாத்தா பெயரில் கிராண்ட், அதாவது பதிவான உரிமைப் பத்திரம், உள்ள நிலம். இந்த வழிகாட்டி பெரும்பாலும் இதைப் பற்றியதுதான்.

இரண்டாவது, டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அல்லது தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு), அல்லது யாரோ இருக்கச் சொன்ன இடம். டி.ஓ.எல். ஒவ்வொரு டிசம்பரோடும் முடிந்துவிடும். உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும்; பிள்ளைகளுக்கு இறங்காது. அரசு நிலத்தில் எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் உரிமை வராது என்று தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. குளுகோர் கம்போங் புவா பாலாவை நினைத்துப் பாருங்கள். மாடு வளர்த்துப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள். பிரவுன் குடும்பத் தோட்ட ஆட்களின் வழிவந்த தங்களுக்காகவே அந்த நிலம் விடப்பட்டது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றப் படியெல்லாம் ஏறியும் 2009இல் வீடுகள் இடிபட்டன. இந்த வகையில் உள்ளவர்கள் நிலத்தை மீட்பதைவிட, மாற்று வீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் முன்கூட்டியே, கூட்டாக, எழுத்தில் பேசுவதுதான் புத்திசாலித்தனம். கசப்பாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, பூர்வகுடிகளின் மரபுவழி நிலம். இது நமக்குப் பொருந்தாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக டெங்கில் அருகே புக்கிட் தாம்போயில் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்தபோது, மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் காசு கொடுத்தார்கள். சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். மரபுவழியாக வைத்திருந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு, அதற்கும் இழப்பீடு உண்டு என்று 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கையில் கிராண்ட் இல்லாமலே ஜெயித்தார்கள். எங்களிடம் ஒரு புரோக்கர் இந்தத் தீர்ப்பைக் காட்டி, "உங்களுக்கும் இப்படி வாங்கித் தரேன்" என்றார். அந்த உரிமை பூர்வகுடிகளுக்கானது. அதைத் தமிழ்க் குடும்பத்துக்கு விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

டின்னைத் திறங்கள்

எங்கள் வீட்டில் அது ஒரு மைலோ டின். உள்ளே ரப்பர் வளையம் இறுகி ஒட்டிப்போன நிலவரி ரசீதுகள், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, வெற்றிலைச் சுண்ணாம்புக் கறை படிந்த ஓர் ஆங்கிலப் பத்திரம். அந்தப் பத்திரத்தைத்தான் எல்லோரும் பொக்கிஷமாக நினைத்தோம். உண்மையில் எங்களுக்கு உதவியது ரசீதுகள்தான்.

காரணம் பினாங்கின் வரலாறு. 1966 ஜனவரி 1ஆம் தேதி தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பினாங்கிலும் மலாக்காவிலும் ஆங்கிலேயர் காலத்துப் பத்திர முறை இருந்தது. கையிலுள்ள பத்திரமே உரிமை. அதன்பின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைப் புதிய முறைக்குக் கொண்டுவரவே 1963இல் பினாங்கு, மலாக்காவுக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டார்கள். ஆகவே 66க்கு முந்தைய காகிதம் உங்களிடம் இருந்தால், அது தேடலுக்கு ஒரு நூல் முனை, அவ்வளவுதான். இப்போதைய லாட் எண்ணை, அதாவது நிலத் துண்டின் எண்ணை, அதிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். நிலவரி ரசீதில் அந்த எண் நேராகவே இருக்கும்.

எடுத்துவைக்க வேண்டியவை: பழைய ரசீதுகள் எல்லாம், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், பாட்டியுடையது, பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை) நகல். இறப்புச் சான்றிதழைத் தொலைத்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் மறுபிரதி கேளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்று கீழே தெரியும்.

பெயர்ச் சிக்கல் கட்டாயம் வரும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. எங்கள் தாத்தா ஒரு காகிதத்தில் முத்தையா, இன்னொன்றில் முத்தய்யன், ஐசியில் அப்பா பெயரும் அவர் பெயரும் இடம் மாறி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று விவரம் தெரிந்த மூத்தவர் ஒருவர் சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும். அந்த மூத்தவர் உயிரோடு, நினைவோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

தேடல்: யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை

நிலப் பதிவேடு பொது ஆவணம். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மலாய் மொழியில் 'சாரியான்' என்பார்கள். தனிப்பட்ட தேடல், அதிகாரபூர்வத் தேடல் என இரண்டு வகை. அதிகாரபூர்வத் தேடலுக்குச் சான்றிதழ் தருவார்கள்; நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய விஷயம் என்றால் அதையே எடுங்கள். மாவட்டம், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), லாட் எண், கிராண்ட் எண் இவ்வளவு போதும்.

வரும் தாளில் பெரும்பாலானவர்கள் உரிமையாளர் பெயரை மட்டும் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெர்செராஹான் எண், அதாவது எந்தப் பத்திரத்தின் பேரில், எந்தத் தேதியில் அந்தப் பெயர் ஏறியது என்பதைக் காட்டும் தாக்கல் எண். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, பதிவான பத்திரத்தின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேளுங்கள்.

மூன்று விதமான பதில் வரலாம். வரி பாக்கிக்காக அரசு பறிமுதல் செய்திருக்கலாம். அப்படியென்றால் முன்னறிவிப்பு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா என்று பார்த்து, உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய மூன்று மாதம்தான் அவகாசம். சாலைக்கோ பள்ளிக்கோ 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்கீழ் எடுத்திருக்கலாம். அப்படியானால் இழப்பீட்டுத் தொகை வாங்க ஆள் இல்லாமல் நீதிமன்றத்தில் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள், பலருக்கு இது தெரிவதே இல்லை. மூன்றாவது, பெயர் மாற்றம். எங்களுடையது மூன்றாவது.

"ஃபைல் தாக் ஜும்பா"

நகல் கேட்ட அன்று கவுண்டரில் இருந்தவர் உள்ளே போய், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து சொன்ன சொல் அது. கோப்பு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வாருங்கள். அடுத்த வாரமும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை வெளியே வந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்தபோது, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிய ஒருவர், நம்மவர்தான், எதிரே வந்து உட்கார்ந்தார். "தம்பி, ஒரு மூணாயிரம் வெள்ளி இருந்தா ஃபைல் தானா நடந்து வரும்." நாங்கள் எந்தக் கோப்பைத் தேடுகிறோம் என்று அவரிடம் சொல்லவே இல்லை. லாட் எண்ணை அவரே சொன்னார்.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. எல்லா அலுவலகத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கோப்பைக் கடைசியில் எடுத்துக் கொடுத்ததும் அதே கட்டடத்தில் இருந்த ஒரு பெண்மணிதான்.

கோப்பிக் காசு, அதாவது லஞ்சம், கொடுக்காதீர்கள். ஒழுக்கப் பாடம் எடுக்கவில்லை, கணக்குச் சொல்கிறேன். கொடுத்தால் நீங்களும் குற்றவாளி; நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, உங்களிடம் லஞ்சம் கேட்டால் அதைப் புகார் செய்வதும் உங்கள் கடமை. தகுந்த காரணமின்றிச் சொல்லாமல் இருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அப்புறம், மூவாயிரம் கொடுத்தால் வருவது உண்மையான கோப்பா என்று யாருக்குத் தெரியும்?

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது சலிப்பான வேலை. ஆனால் அதுதான் பலித்தது.

வாயால் கேட்பதை அன்றோடு நிறுத்துங்கள். மாவட்ட நில நிர்வாகிக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம்: லாட் எண், கிராண்ட் எண், தாக்கல் எண், என்ன நகல் வேண்டும், எந்தெந்தத் தேதியில் வந்து கேட்டோம், என்ன பதில் கிடைத்தது, 14 நாளில் எழுத்துப்பூர்வப் பதில் வேண்டும். கோபச் சொல் ஒன்றுகூட வேண்டாம். அடியில், மாநில நில, கனிமவள இயக்குநருக்கு நகல் என்று போடுங்கள்; உண்மையிலேயே அனுப்பவும் செய்யுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் தேதியோடு சாப் (அலுவலக முத்திரை) வாங்குங்கள். சாப் இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

பினாங்கில் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டம். மாநிலத் துறைகளிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். மறுத்தால் மறுப்பைத் தெரிவிக்க வேண்டும். அந்த மறுப்புக் காகிதமும் ஓர் ஆதாரமே.

லஞ்சம் கேட்டவரைப் பற்றி அன்றிரவே எழுதிவைத்தோம்: தேதி, மணி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே. ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்.பி.ஆர்.எம். அலுவலகத்துக்கு நேரே போய்ப் புகார் கொடுத்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை. தகவல் அளிப்போரைக் காக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு, அமலாக்க அமைப்பிடம் சொல்பவருக்குத்தான். முதலில் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு, வாட்சாப் குழுவில் சுற்றவிட்டு, பிறகு புகார் கொடுத்தால் அந்தக் குடையை நம்பி நிற்க முடியாது. என் சித்தப்பா மகன் போட்டுவிட்டான். நல்லவேளை, பெயர் போடவில்லை.

கடிதம் கொடுத்த பன்னிரண்டாம் நாள் கோப்பு கிடைத்துவிட்டது. பெயர் மாற்றப் படிவமான 14ஏ. விற்பவர் இடத்தில் பெருவிரல் ரேகை. தேதி, தாத்தா இறந்து மூன்று வருஷத்துக்குப் பிந்தையது. அத்தை அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே" என்றார்.

அந்தப் படிவத்தில் ரேகையைவிட முக்கியமான இன்னோர் இடம் உண்டு: யார் முன்னிலையில் வைக்கப்பட்டது என்ற சாட்சிப் பகுதி. அங்கே வழக்கறிஞரோ அதிகாரியோ தன் பெயரைப் போட்டிருப்பார். கேள்வி கேட்கப்பட வேண்டிய முதல் ஆள் அவர். போலீஸ் புகாரில் அந்த விவரத்தையும் சேருங்கள்.

வாரிசு யார் என்று முதலில் வீட்டுக்குள் முடிவாகட்டும்

இறந்தவர் சார்பில் வழக்குப் போட, சட்டப்படி நியமிக்கப்பட்ட நிர்வாகி வேண்டும். "நான் பேரன்" என்பது போதாது. உயில் இல்லாமல், அசையாச் சொத்தும் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் என்றால் உயர்நீதிமன்றம் போக வேண்டாம். 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் நில அலுவலகம் சார்ந்த சிறு சொத்துப் பிரிவிலேயே பாரம் ஏ கொடுத்து மனுச் செய்யலாம். இந்த வரம்பு முன்பு 20 லட்சமாக இருந்தது. 2024 ஜூலையில்தான் உயர்ந்தது. விசாரணை நாளில் வாரிசுகள் வர வேண்டும், அல்லது ஒப்புதல் தர வேண்டும். வேறு யாராவது ஏற்கெனவே உங்கள் தாத்தா பெயரில் இந்த மனுவைப் போட்டு உத்தரவு வாங்கியிருக்கிறார்களா என்றும் அங்கேயே கேளுங்கள். சொந்தக்காரனே செய்திருப்பான்.

பங்கு விஷயத்தில் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் மகனையும் மகளையும் ஒன்றாகவே பார்க்கிறது. நம் வீடுகளில் அத்தைமாரை விட்டுவிட்டு வாரிசுப் பட்டியல் எழுதுவது சகஜம். அது பொய்ப் பிரமாணம், பின்னால் மொத்த உத்தரவையும் ஆட்டம் காண வைக்கும். இச்சட்டம் 1997இல் திருத்தப்பட்டது. அதற்கு முன் இறந்தவருக்குப் பழைய விதிதான், இறந்த நாளை வைத்தே கணக்கு. தாத்தா பாட்டி கல்யாணம் கோயிலில் நடந்து பதிவே செய்யவில்லை என்று பயப்படாதீர்கள். 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன் சமய வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. தாத்தாவுக்கு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்ததாகப் பேச்சு இருந்தால், அதையும் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்த அன்று இரண்டு பெரியம்மாக்கள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள்.

கேவியட்: இங்கேதான் ஓட வேண்டும்

தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணிக்கு நிலம் இருந்தது. யாரோ ஒருத்தி தன்னை அவரென்று சொல்லி, மூலப் பத்திரம் தொலைந்துவிட்டதாகச் சத்தியப் பிரமாணம் எழுதி, புதுப் பிரதி வாங்கி, நிலத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டாள். ஏமாற்றப்பட்ட உண்மையான உரிமையாளர் வழக்குப் போட்டார். 2000 டிசம்பரில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியவருக்கே நிலம் என்றது. போலிப் பத்திரம் செய்கிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி உண்டா? பத்து வருஷம் அந்தத் தீர்ப்பு நாட்டையே ஆட்டியது. 2010 ஜனவரியில், தான் யிங் ஹோங் வழக்கில், அது தவறு என்று கூட்டரசு நீதிமன்றமே திருத்திக்கொண்டது.

இப்போதைய நிலை இதுதான். தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவுப்படி, போலிப் பத்திரத்தால் பெயர் ஏறியவரிடமிருந்து நிலத்தைத் திரும்பப் பெறலாம், அவர் ஒன்றும் அறியாதவராக இருந்தாலும். ஆனால் அவரிடமிருந்து, நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து அடுத்து வாங்கியவரைத் தொட முடியாது. முதல் விற்பனைக்கும் இரண்டாம் விற்பனைக்கும் இடையில் உள்ள காலம்தான் உங்களுடைய காலம். கோப்பு காணோம் என்று உங்களை மூன்று மாதம் அலைய விடுவது யாருக்கு லாபம் என்று இப்போது புரியும்.

அந்த இடைவெளியைப் பூட்டுகிற பூட்டு கேவியட், அதாவது நிலப் பதிவேட்டில் ஏற்றும் தடைக் குறிப்பு. 19பி படிவம், காரணத்தை விளக்கும் சத்தியப் பிரமாணம், கட்டணம். ஏறிவிட்டால் அதன்பின் விற்பனையோ அடமானமோ பதிவாகாது. ஆறு வருஷம் நிற்கும். பிறகு தானாக விழுந்துவிடும், நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகி நியமனம் ஆனபின் போட்டால் உறுதியாக நிற்கும். அதற்கு முன் வெறும் வாரிசாகப் போட்டால் நிற்குமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும், ஆகவே வழக்கறிஞரைக் கேட்டே போடுங்கள். ஆதாரமில்லாமல் போட்டு மற்றவருக்கு நஷ்டம் வந்தால் நீங்கள் ஈடுகட்ட வேண்டும். இதற்கிடையில், மோசடியைத் தடுக்கப் பதிவாளரே தன் கேவியட்டைப் போடும்படி 320ஆம் பிரிவின்கீழ் எழுதிக் கேட்கலாம். இறப்புச் சான்றிதழையும் 14ஏ படிவத்தின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தோம். இரண்டு தேதிகளே பேசின.

நாங்கள் தாமதித்த மாதங்களுக்கு விலை கொடுத்தோம். தோப்பு அதற்குள் இரண்டு லாட்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சாலையோர லாட், மூன்றாவது கைக்குப் போய்விட்டது. வாங்கியவர் வங்கிக் கடன் எடுத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்த ஓர் ஆசிரியர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள் லாட் மட்டும் கேவியட்டில் சிக்கியது.

வழக்கும் வழக்கறிஞரும்

நிலத்தைத் திரும்பப் பெறும் வழக்குக்குப் பொதுவாகப் பன்னிரண்டு வருஷ வரம்பு; மோசடியாக இருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது கவனமாக இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து எண்ணுவார்கள். அதிகாரிகளையும் சேர்த்து வழக்குப் போடுவதானால் 36 மாதம்தான். "எப்போது தெரியும்?" என்ற கேள்விக்கு அந்த முதல் தேடல் தாளின் தேதி உங்கள் பதிலாகும்; பத்திரப்படுத்துங்கள்.

"ஜெயித்தால் பாதி நிலம் எனக்கு" என்று எந்த வழக்கறிஞரும் ஒப்பந்தம் போடக் கூடாது. வழக்கறிஞர் தொழில் சட்டமே தடுக்கிறது. அப்படிப் பேசுபவர் பெரும்பாலும் வழக்கறிஞரே அல்ல. அவர் நீட்டும் பவர் பத்திரத்தில் வெற்றுத் தாளாகக் கையெழுத்துப் போட்டால், தாத்தா நிலம் இரண்டாம் முறை போகும். காசு இல்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் முதலில் பாருங்கள்.

விசாரணை நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காத்திருப்பீர்கள், ஒத்திவைப்பார்கள், மீண்டும் காத்திருப்பீர்கள். அத்தையைச் சாட்சிக் கூண்டில் இருபது நிமிஷம்தான் கேட்டார்கள்.

பெயர் ஏறிய பிறகு

நீதிமன்ற உத்தரவைக் கையில் வாங்கியதும் வேலை முடிந்ததாக நினைத்து விருந்து வைத்தவர்களைத் தெரியும். உத்தரவை நில அலுவலகத்தில் பதிந்து, புதுத் தேடல் எடுத்து, உங்கள் நிர்வாகியின் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே முடிந்தது. அதன்பின் வாரிசுகள் பெயருக்கு மாற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள். எங்களைப் போல இன்னொரு தலைமுறை காத்திருக்கக் கூடாது.

அன்றே இன்னொரு காகிதமும் கொடுங்கள்: முகவரி மாற்றம். எங்கள் அறிவிப்புகளெல்லாம் முப்பது வருஷமாக, இடிக்கப்பட்ட ஒரு தோட்டத்து லயத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நிலவரியை ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள் கட்டி, ரசீதைப் படமெடுத்துக் குடும்ப வாட்சாப்பில் போடுங்கள். கட்டப் போகும்போதே ஒரு தேடலும் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்த வருஷம் அது என் தங்கை மகள் முறை.